பள்ளியும் கைப்பேசியும்

பள்ளிக்கூடத்திற்கு வாயில் ஒன்று உண்டு. அந்த வாயிலுக்கு வெளியே விட்டுச் செல்லவேண்டிய பொருளும் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் கவணும் கோலிக்குண்டும் பறிமுதல் செய்யப்பெற்றன. பின்னர்ப் பாடநூலின் மறைவில் வைத்துப் படிக்கப்பெற்ற துப்பறியும் நாவல்கள் ஆசிரியரின் மேசைக்குச் சென்றன. கிரிக்கெட் வருணனை கேட்பதற்காகச் சட்டைக்குள் ஒளித்து வைத்த டிரான்சிஸ்டரும் அவ்வழியே சென்றது. அவற்றையெல்லாம் பறிகொடுத்த தலைமுறையே இன்று பெற்றோராகவும் பாட்டன் பாட்டியராகவும் அமர்ந்து, பிள்ளைகளின் கைப்பேசியைப் பற்றிக் கவலை கொள்கின்றது.

எனினும் இக்கவலையை முதியோரின் வழக்கமான முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிடுதல் இயலாது. கவணைக் கொண்டு எவரும் பாடம் நடத்தியதில்லை. கோலிக்குண்டு இல்லாமையால் எந்தப் பிள்ளையின் படிப்பும் நின்றதில்லை. கைப்பேசியோ ஒரே கையடக்கத்தில் விளையாட்டுத் திடலாகவும், நூலகமாகவும், கடைத்தெருவாகவும், பள்ளிக்கூடமாகவும் அமைந்துள்ளது. அதனை வாயிலில் நிறுத்துவதா, உள்ளே விடுவதா என்னும் வினாவிற்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறுதல் அரிது. கேரளம் சில ஆண்டுகளுக்குள்ளாகவே அதை வெளியே நிறுத்தியது; பின்னர் உள்ளே அழைத்தது; மீண்டும் வெளியே அனுப்பியது. இவ்வரலாற்றைச் சற்று நிதானமாக நோக்கினால், நம் பிள்ளைகளுக்கு எவ்வகையான விதி வேண்டும் என்பது தெளிவாகும் எனக் கருதுகின்றோம்.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இவ்வினா அயலானதன்று. மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்றல் வேண்டும் என 1817ஆம் ஆண்டிலேயே ராணி கௌரி பார்வதி பாயின் ஆணை பிறந்த நாடு இது. ஆகவே பள்ளியைப் பற்றித் தலைமைச் செயலகத்தில் பிறக்கும் ஒவ்வோர் ஆணையும் மறுநாட் காலையில் சாலைக் கடைத்தெருவின் தேநீர்க்கடைகளில் விவாதத்திற்கு உள்ளாவதில் வியப்பில்லை.

கேரளத்திற்குக் கைப்பேசி வந்த கதையே இலக்கியத்தோடு தொடர்புடையது. 1996ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் கொச்சியில் கைப்பேசிச் சேவை தொடங்கியபோது, அதில் முதலிற் பேசியவர் தகழி சிவசங்கரப் பிள்ளை. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பு வாயிலாகத் தமிழரும் தம்முடையதாக்கிக் கொண்ட ‘செம்மீன்’ நாவலின் ஆசிரியர் அவர். கடற்கரைக் குடிசைகளின் கதையைச் சொன்ன அப்பெரியவரின் குரலைச் சுமந்து சென்ற கருவி, இருபது ஆண்டுகளுக்குள் அக்குடிசைகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அது பள்ளிப் பைக்குள் புகுவதற்கும் நெடுங்காலம் ஆகவில்லை. கல்வித்துறையின் சுற்றறிக்கைகள் மாணவர்க்குக் கைப்பேசியைத் தடைசெய்தன. ஆசிரியரும் வகுப்பு நேரத்தில் அதனைப் பயன்படுத்தலாகாது என்றன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் தன் பள்ளிகளில் கைப்பேசிக்குக் கட்டுப்பாடு வேண்டுமென 2009இல் அறிவுறுத்தியது. அந்நாளில் இவற்றை மறுத்துரைத்தவர் மிகச் சிலரே.

முதல் மறுப்பு ஒரு கல்லூரி மாணவியிடமிருந்து எழுந்தது. கோழிக்கோடு மாவட்டத்துக் கல்லூரி விடுதியொன்றில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசியைப் பயன்படுத்தலாகாது என்று விதி செய்தனர். அதற்கு இணங்க மறுத்த மாணவி விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார். கேரள உயர்நீதிமன்றத்தை அணுகினார். 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் நீதியரசர் பி.வி. ஆஷா வழங்கிய தீர்ப்பு, இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையின் ஒரு கூறு, அந்தரங்க உரிமையின் ஒரு கூறு என்று நிலைநாட்டி, மாணவியை மீண்டும் விடுதியிற் சேர்க்கப் பணித்தது. அவர் வயது வந்தவர். பள்ளிச் சிறுவரின் நிலை வேறு. ஆயினும் அத்தீர்ப்பில் பள்ளிகளுக்கும் ஒரு பாடம் உண்டு. ஒழுங்கு காப்பதற்காகச் செய்யும் விதி, கல்வியின் வாயிலையே அடைத்துவிடலாகாது என்பதே அப்பாடம்.

அத்தீர்ப்பு வந்து ஓராண்டு நிறைவதற்குள் உலகமே தலைகீழாயிற்று. கொள்ளைநோய் பள்ளிகளைப் பூட்டியது. 2020ஆம் ஆண்டு சூன் முதல் நாள், புதிய கல்வியாண்டு ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் பெயரோடு தொலைக்காட்சித் திரையில் தொடங்கியது. பூஜப்புரையில் இயங்கும் கைட் நிறுவனத்தின் விக்டர்ஸ் அலைவரிசை வகுப்புகளை ஒளிபரப்பியது. 2005ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இதே திருவனந்தபுரத்தில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கி வைத்த அலைவரிசை அது. தமிழ், கன்னடம் பயிலும் பிள்ளைகளுக்கும் அவரவர் மொழியில் பாடங்கள் தரப்பெற்றன என்பதை நன்றியோடு நினைவுகூர்கின்றோம்.

ஆனால் திரை இல்லாத வீடுகளும் இருந்தன. தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர் என்று அந்நாளில் எடுத்த கணக்கு கூறியது. வகுப்புகள் தொடங்கிய அதே நாளில் மலப்புறம் மாவட்டத்தில் பதினான்கு வயது மாணவி ஒருத்தி உயிரிழந்தாள். வீட்டுத் தொலைக்காட்சி பழுதுபட்டிருந்தது, திறன்பேசியும் இல்லை, வகுப்பைக் காண இயலாத துயரமே காரணம் என்று பெற்றோர் கூறினர். கூலி வேலை செய்து குடும்பத்தைக் காத்த வீடு அது. நன்றாகப் படித்த பெண் அவள். அச்செய்தி கேரளத்தின் நெஞ்சை உலுக்கியது. நூலகங்களும் இளைஞர் மன்றங்களும் ஊர்கள் தோறும் பொதுத் தொலைக்காட்சிகளை நிறுவின. பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் தம் பணத்தில் கைப்பேசிகள் வாங்கி ஏழைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தனர். அன்று அது கொடையாகக் கருதப்பெற்றது. புத்தகம் வாங்கித் தருவதைப் போன்ற அறமாகவும் மதிக்கப்பெற்றது.

2021ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், கேரளம் பிறந்த அதே நாளில், பள்ளிகள் மீண்டும் திறந்தன. திரும்பி வந்த பிள்ளைகளின் பையில் கைப்பேசியும் இருந்தது. பெற்றோர் கடன் வாங்கியும் நகை அடகு வைத்தும் வாங்கிக் கொடுத்த கருவி அது. பள்ளிக்குள் மாணவர்க்குக் கைப்பேசி தேவையில்லை எனக் கல்வியமைச்சர் வி. சிவன்குட்டி 2022இல் அறிவித்தார். அதே ஆண்டில், கோழிக்கோடு மாவட்டத்துப் பள்ளியொன்றில் கைப்பற்றப்பெற்ற கைப்பேசி பற்றிய முறையீட்டை மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்தது. கைப்பேசியைத் திருப்பித் தருமாறு ஆணையிட்டதோடு, பிள்ளைகளின் உடலைச் சோதனையிடுவதை அறவே தவிர்க்க வேண்டும் என்றும், தக்க காரணத்தோடு பெற்றோரின் இசைவு பெற்றுக் கொண்டுவரும் கைப்பேசியைப் பள்ளி முடியும் வரை அணைத்து வைத்திருக்க வசதி செய்ய வேண்டும் என்றும் ஆணையம் கூறியது.

நேற்றுக் கொடுத்ததை இன்று பறிப்பது முரண்பாடன்றோ என்று பிள்ளைகள் கேட்கின்றனர். கேட்பது இயல்பே. இதற்கு விடை நம் முன்னோரிடமே உண்டு. வள்ளுவர் ‘காலமறிதல்’, ‘இடனறிதல்’ என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். அவர் அரசர்க்குக் கூறியது மாணவர்க்கும் பொருந்தும். பூட்டிய பள்ளிக்கு மாற்றாகக் கைப்பேசி பயன்பட்ட காலம் வேறு. ஆசிரியர் கண்ணெதிரே நின்று பேசும் காலம் வேறு. வீட்டின் மூலையில் அது வகுப்பறை. வகுப்பறையிலோ அது வேறோர் உலகத்திற்குத் திறக்கும் சன்னல். பொருளின் மேல் பழி சுமத்தாமல், காலத்தையும் இடத்தையும் சுட்டிக்காட்டி விளக்கினால் பிள்ளைகள் புரிந்துகொள்வர். ‘கெட்டது’ என்று சொல்லித் தடுத்தால், ‘நேற்று எப்படி நல்லதாயிற்று?’ என்ற வினாவிற்கு நம்மிடம் விடையிராது.

வகுப்பறையில் அது ஏன் கூடாது? நன்னூலார் தம் பொதுப்பாயிரத்தில் நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன் ஆகியவற்றோடு பாடங்கேட்டலுக்கும் தனியே இலக்கணம் வகுத்தார். கேட்டல் என்பது தானே நிகழ்வதன்று, பயின்று பெறவேண்டியது என்பது பவணந்தி முனிவரின் துணிபு. கேட்டதை நழுவ விடாது நெஞ்சில் இருத்துவதற்கு நெஞ்சு அவ்விடத்தில் இருத்தல் வேண்டும். கைப்பேசியின் சிற்றொலி ஒன்று போதும், நெஞ்சு எழுந்து போய்விடும். கவனம் சிதறிய மாணவர் மீண்டும் பாடத்தில் ஒன்றுவதற்கு இருபது நிமிடம் வரை ஆகக்கூடும் என யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை சுட்டியது. நாற்பது நிமிடப் பாட வேளையில் இருபது நிமிடம் என்பது பாதியாகும்.

இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் உள்ள பள்ளிகளை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வொன்று கருத்திற் கொள்ளத்தக்கது. கைப்பேசியைத் தடைசெய்த பள்ளிகளில் தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்தன. அவ்வுயர்வு பெரும்பாலும் பின்தங்கிய மாணவரிடமே காணப்பட்டது. முன்னணி மாணவரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் உள்ள பிள்ளை, வகுப்பில் இழந்ததை மாலையில் ஈட்டிக்கொள்ளும். தந்தை கடையிலும் தாய் பிறர் வீட்டு வேலையிலும் இரவு வரை உழலும் வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பறையே முழுக் கல்வி. ஆகவே வகுப்பறையின் அமைதியைக் காத்தல் ஏழைப் பிள்ளையின் பங்கைக் காப்பதாகும். தடையின் பக்கம் நிற்கும் வாதங்களுள் இதனையே வலிமை மிக்கதாகக் கொள்கின்றோம்.

உலகமும் இவ்வழியே செல்கின்றது. பிரான்சு 2018இல் தொடக்கப் பள்ளியிலும் கீழ் இடைநிலைப் பள்ளியிலும் கைப்பேசியைச் சட்டத்தால் விலக்கியது. பிரேசில் 2025 சனவரியிலும், தென்கொரியா அவ்வாண்டு ஆகஸ்டிலும் சட்டம் இயற்றின. ஆயினும் தடை ஒன்றே மருந்தாகிவிடாது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் முப்பது பள்ளிகளில் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வில், தடையுள்ள பள்ளி மாணவர்க்கும் தடையில்லாப் பள்ளி மாணவர்க்கும் மனநலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. பள்ளியில் அணைந்த திரை வீட்டில் நள்ளிரவு வரை எரியுமாயின் என்ன பயன்? நம் நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைகளைப் பற்றிய ‘ஏசர்’ அறிக்கை, 14 முதல் 16 வயதினருள் திறன்பேசி பயன்படுத்தத் தெரிந்தோர் 82 விழுக்காட்டினர் என 2024ஆம் ஆண்டுக் கணக்காகக் கூறியது. அவர்களுள் ஒரு வாரத்திற்குள் படிப்பிற்காக அதனைத் தொட்டவர் 57 விழுக்காட்டினர். சமூக ஊடகத்திற்காகத் தொட்டவர் 76 விழுக்காட்டினர். பள்ளி விதி காலை முதல் மாலை வரையே செல்லும். எஞ்சிய பொழுது பெற்றோருடையது.

அப்பொழுதையும் பள்ளியே கைப்பேசிக்குத் தாரைவார்த்த கதை ஒன்றுண்டு. தொற்றுக் காலத்துப் பழக்கம் விடாது, வகுப்பில் எழுதவேண்டிய குறிப்புகளை மாலையில் வாட்ஸ்அப் வழியே அனுப்பும் முறை பல பள்ளிகளில் நீடித்தது. ‘டீச்சர் நோட் அனுப்பியிருக்கிறார்’ என்று பிள்ளை சொன்னால், கைப்பேசியை மறுக்க எந்தத் தாயால் இயலும்? குறிப்பைப் பார்த்த கண் அடுத்த நொடியில் எங்கே செல்லும் என்பதை எவர் காவல் காப்பது? பெற்றோரின் முறையீட்டைக் கேட்ட குழந்தைகள் உரிமை ஆணையம் தலையிட்டது. மேல்நிலைப் பள்ளிகளில் இவ்வாறு பாடக்குறிப்பு அனுப்புதலைக் கல்வித்துறை 2024 நவம்பரில் விலக்கியது. விதி மாணவரை மட்டுமன்றி ஆசிரியரையும் கட்டுப்படுத்தியது இங்குச் சிறப்பு.

விதியின் உள்ளடக்கத்தைப் போலவே அதனைச் செயற்படுத்தும் முறையும் முதன்மையானது. 2025 சனவரியில் பாலக்காடு மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளியொன்றில் நிகழ்ந்ததைக் கேரளம் முழுதும் கண்டது. பதினோராம் வகுப்பு மாணவனின் கைப்பேசி கைப்பற்றப்பட்டது. அதனைத் திரும்பக் கேட்டுத் தலைமையாசிரியரின் அறைக்கு வந்த அவன், சினம் மிகுந்து கொலை மிரட்டலே விடுத்தான். ஆசிரியரை நோக்கி அவ்வாறு பேசுதல் எவ்வகையாலும் ஏற்கத்தக்கதன்று. அவன் இடைநீக்கம் செய்யப்பட்டான். பின்னர் வருத்தமும் தெரிவித்தான். ஆனால் அவ்வறையில் நிகழ்ந்தது ஒரு கைப்பேசியிற் படமாகி, இலட்சக்கணக்கான கைப்பேசிகளில் ஓடியது.

இந்நிகழ்ச்சியை நாம் எளிதிற் கடந்து செல்லலாகாது. கைப்பேசி கூடாது என்னும் விதியை மீறினான் என்பது அவன் மீதான முதற் குற்றச்சாட்டு. அவனுடைய சினத்தின் சில நொடிகளை உலகத்திற்குக் கொண்டு சென்றதோ வளர்ந்தோரின் கைப்பேசிகள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையின் ஒரு நாள் பிழை, அவன் முகத்தோடு சேர்ந்து என்றும் அழியாத ஏட்டிற் பதிந்துவிட்டது. முன்னாளில் அத்தகைய சினம் அறைக்குள்ளே எழுந்து அறைக்குள்ளேயே அடங்கும். தந்தை வந்து தலைகுனிந்து நிற்பார். மகன் மன்னிப்புக் கேட்பான். ஆண்டு முடிவதற்குள் அனைவரும் மறப்பர். மறக்கப்படும் உரிமை வளரும் பிள்ளைக்கு மிக இன்றியமையாதது. அதனைப் பறிக்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு அக்கருவியின் தீமையை எடுத்துரைத்தல் எங்ஙனம் பொருந்தும்? தடை யாருக்கு என்று வினவினால், பள்ளி வளாகத்திற்குள் பிள்ளைகளைப் படமெடுக்கும் ஒவ்வொருவருக்கும் முதலில் என்றே கூறத் தோன்றுகின்றது.

அவ்வாண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தில்லி உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் அனூப் ஜெய்ராம் பம்பானி வழங்கிய தீர்ப்பு இவ்வழக்குகளுக்கெல்லாம் ஒரு நடுவழியைக் காட்டியது. முழுத் தடை விரும்பத்தக்கதும் நடைமுறைக்கு ஏற்றதும் அன்று. இயலுமிடத்தில் மாணவர் கைப்பேசியைப் பள்ளியில் ஒப்படைத்து மாலையில் பெற்றுச் செல்லட்டும். வகுப்பறையிலும் பொதுவிடங்களிலும் பயன்பாடு கூடாது. பாதுகாப்பிற்கான தொடர்பு இருக்கட்டும். விதியைப் பெற்றோர், ஆசிரியர், அறிஞர் ஆகியோரைக் கலந்து வகுக்கட்டும். மீறினால் வரும் விளைவு தெளிவாக, கடுமையின்றி இருக்கட்டும் என்பன அதன் சாரம்.

இவற்றை நம் நகரத்து வாழ்வோடு பொருத்திப் பார்த்தல் நலம். சாலைத் தெருவிலும் கரமனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோர் இருவரும் பொழுது சாய்ந்த பின்னரே வீடு திரும்புகின்றனர். நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கங்களிலிருந்து பேருந்தில் வந்து பயிலும் பிள்ளைகளும் உளர். மழை பெய்து சாலை மறிந்தால், வேலைநிறுத்தம் வந்து பேருந்து நின்றால், அப்பிள்ளை எவரை எவ்வாறு அழைக்கும்? காசு போட்டுப் பேசும் தொலைபேசிகள் தெருக்களிலிருந்து மறைந்துவிட்டன. முன்பின் அறியாதவரிடம் கைப்பேசியை இரவல் கேட்கும் நிலையில் பெண்பிள்ளையை நிறுத்துவதை எந்தப் பெற்றோர் விரும்புவர்? கைப்பேசியை விலக்கும் பள்ளி, அதற்கு ஈடாக அலுவலகத் தொலைபேசியைப் பிள்ளைகளுக்குத் திறந்து வைத்தல் வேண்டும். வழியில் தேவை என்று கொண்டுவரும் பிள்ளைக்கு, பெயர் எழுதி ஒப்படைத்துப் பெற்றுச் செல்ல ஒரு பெட்டியேனும் வேண்டும். இதற்கு ஆகும் செலவு சிறிது.

விலக்குதலோடு கற்பித்தலும் சேரவேண்டும். இதில் கேரளம் பெருமைப்படத்தக்க சில பணிகளைச் செய்துள்ளது. ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றங்கள் 2018இல் தொடங்கி உயர்நிலைப் பள்ளிகளிற் பரவின. பொய்ச் செய்தியை இனங்காணும் பயிற்சி ‘சத்தியமேவ ஜயதே’ என்னும் திட்டத்தின்கீழ் 2022இல் 19.72 லட்சம் மாணவர்க்கு அளிக்கப்பெற்றது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகள் கணினியும் திரையும் பெற்றன. ஆசிரியரின் மேற்பார்வையில் பொதுத்திரை உள்ள வகுப்பில், தனித்திரை இன்றியமையாததாகாது. பொதுவில் பார்த்ததைப் பற்றிப் பேசலாம், வினவலாம், சிரிக்கலாம். தனியே பார்த்ததைப் பற்றிப் பிள்ளைகள் பெரும்பாலும் பேசுவதில்லை. திரையின் பிடியில் சிக்கிய பிள்ளைகளை மீட்கக் காவல்துறையே 2023இல் திருவனந்தபுரம் உள்ளிட்ட நகரங்களில் ஆலோசனை மையங்களைத் திறந்தது. அங்குச் செல்லும் நிலை வருமுன் வீட்டிலும் பள்ளியிலும் பேச்சு நிகழ்ந்திருத்தல் வேண்டும் என்பது நம் விழைவு.

தமிழ்ச் சங்கத்தார்க்கு இதில் என்ன பங்கு என்று சிலர் கேட்கலாம். வேற்று மொழி மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் நூலும் தமிழ்ப் பாட்டும் தமிழ்ச் சொற்பொழிவும் இன்று பெரும்பாலும் அச்சிறு திரை வழியாகவே எட்டுகின்றன. ஆகவே அதனைப் பகையென்று நாம் முத்திரை குத்த இயலாது. அதே பிள்ளைகள் பாட்டியோடு பேசுவதற்கு இருந்த மாலைப் பொழுதையும், அதனோடு வீட்டுத் தமிழையும், அத்திரையே எடுத்துச் செல்வதையும் காண்கின்றோம். பெருநூலகம் கைக்கு வந்தது. வீட்டுப் பேச்சு கைநழுவுகின்றது. இரண்டையும் ஒருங்கே காக்கும் பொறுப்பு நம்முடையது.

ஒவ்வோராண்டும் சூன் திங்களில் பள்ளி திறந்ததும் பெற்றோர்-ஆசிரியர் கழகம் கூடுகின்றது. கட்டணத்தையும் சீருடையையும் பேசிவிட்டுக் கலையும் அக்கூட்டத்தில், கைப்பேசி விதியையும் ஒரு மணி நேரம் பேசலாம். மாணவர் பேராளர் இருவரையும் அழைத்து அமர்த்தலாம். விதி ஒரு பக்கத்திற்குள் அடங்கட்டும். மலையாளத்தோடு தமிழிலும் எழுதப்பெறட்டும். ஒப்படைக்கும் நேரம், திருப்பித் தரும் நேரம், மீறினால் நேர்வது, அவசரத்திற்கு அழைக்கவேண்டிய எண், எவரும் எவரையும் படமெடுக்கலாகாது என்னும் உறுதி ஆகியவை அதில் இருக்கட்டும். வீட்டில் உணவு வேளையில் கைப்பேசி தொடுவதில்லை என்று பெற்றோரும் அதன் கீழ் ஒப்பமிடட்டும். தாம் ஒப்பாத விதிக்குப் பிள்ளைகள் அஞ்சுவர். தாம் கலந்து செய்த விதியைக் காப்பர். அச்சத்தால் நடக்கும் பள்ளிக்கும் இசைவால் நடக்கும் பள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை, அப்பள்ளியின் வாயிலைக் கடந்து செல்லும் எவரும் அங்கு எழும் குரல்களைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.